சர்க்கரை நோயில் துணை: கேட்பதும் கொடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் சர்க்கரை நோயோடு இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மாத்திரை எது, ஊசி எத்தனை யூனிட் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அவரைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிடம். மீதி நாளெல்லாம் வீட்டோடும் தெருவோடும்தான். இந்தப் பக்கம் அந்த மீதி நாளுக்கானது.

வீட்டில் எல்லோரும் அக்கறையாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன்?

அக்கறை காவலாக மாறினால் யாருக்கும் எரிச்சல் வரும். தட்டில் மூன்றாவது இட்லி விழும்போது ஒருவர் தொண்டையைச் செருமுகிறார், இன்னொருவர் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்கிறார், மருமகள் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கிறாள். சாப்பிடுகிறவருக்கு அங்கே உட்காரவே பிடிக்காது. அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துகொள்வார், பேக்கரியில் பப்ஸும் டீயும் ஆகும். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 240 காட்டினால் நோட்டில் 160 என்று எழுதுவார். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி பரிசோதனையில் உண்மை வெளியே வரும்போது வீட்டில் சண்டைதான் மிச்சம்.

எங்கள் அனுபவத்தில் இதற்கு ஒரே வழிதான் வேலை செய்கிறது: அறிவுரை சொல்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது. மகன் மாதம் ஒருமுறை மீட்டருக்கான ஸ்ட்ரிப் டப்பா வாங்கித் தர வேண்டும். பேத்தி இரவு படுக்கும் முன் தாத்தாவின் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி பரிசோதனை நாளன்று கடையில் உட்கார வேண்டும். நாளும் நேரமும் இருந்தால்தான் அது வேலை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது யாரும் சொல்லிவிட்டுப் போகிற பேச்சு.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

சின்னதாக, முடிவு தேதியோடு கேளுங்கள். "எனக்கு யாருமே உதவறதில்லை" என்றால் எதிரில் இருப்பவர் தன் பக்க நியாயத்தைப் பேச ஆரம்பிப்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மச்சான், வர்ற வியாழக்கிழமை வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும் குடுக்கணும். பதினோரு மணி வரைக்கும் கடையைப் பாத்துக்கிறீங்களா?" இதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இல்லை என்றாலும் மனக்கசப்பு வராது, வேறு ஆளைக் கேட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோரும், வேலை செய்யும் இடத்தில் ஒருவராவது படித்துவிட வேண்டும்.

அளவு 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி முதலில் வரும். அடுத்து பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், நடை தள்ளாடும். தறிக்கூடத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் இப்படி இருப்பவரைக் குடித்திருக்கிறார் என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போவது உண்டு. தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால் அது நடக்காது.

ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ போதும். மீட்டர் கையில் இல்லையென்றால் தேட வேண்டாம், முதலில் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் சில. சாக்லேட் கொடுக்கிறார்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பயத்தில் அரைக் கிலோ ஜிலேபியை ஊட்டிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் 350 ஆகிவிடும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் அவை உடைந்து குளுக்கோஸாவதையே அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடிப் பாக்கெட் கட்டாயம் இருக்க வேண்டும்.

நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள், அதிலும் சிறுநீரகம் பலவீனமானவர்கள், தெளிந்து எழுந்தாலும் அப்படியே வீட்டில் விட்டுவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். அன்று இரவு ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது.

அம்மாவுக்கு நான்தான் இன்சுலின் போட்டுவிடுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் சிரிஞ்சு. குப்பியில் 40 ஐயூ (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்றிருந்தால் 40 சிரிஞ்சு (சிவப்பு மூடி), 100 ஐயூ என்றிருந்தால் 100 சிரிஞ்சு (ஆரஞ்சு மூடி). அரசு ஆஸ்பத்திரியில் 40 குப்பி வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, மகன் ஊரிலிருந்து வரும்போது 100 குப்பி வாங்கி வருவான், வீட்டிலோ பழைய சிரிஞ்சுதான் இருக்கும். 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். குப்பி மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

பால் போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், பத்து இருபது தடவை. குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். தண்ணீர் போல் இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பொடி ஒட்டியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

ஒரே இடத்தில் தினமும் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி சேரும். வலிக்காது என்பதால் அம்மாவே "அங்கேயே போடுடா" என்பார். ஆனால் அந்தக் கட்டியிலிருந்து மருந்து ஒரு நாள் ஒரு மாதிரி ஏறும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, நாளுக்கு ஒரு பக்கமாக நகர்த்திப் போடுங்கள். கழற்றிய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடலாம். தெருக் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைக்கலாமா?

தாராளமாக. துணை என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீஸரிலோ அதை ஒட்டியோ வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பயன்பாட்டில் இருக்கும் குப்பி 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இது சிரமமில்லை. சித்திரை, வைகாசியில் கீழே சேலத்தில் ஓட்டு வீட்டுக்குள் அந்த வெப்பநிலை கிடைக்காது. பெரிய மண்பானையில் மணல் நிரப்பி, நடுவே சின்னப் பானையைப் பதித்து, மணலைக் காலையும் மாலையும் நனைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தைப் போட்டு உள்ளே வையுங்கள். காற்றோட்டமான நிழலில் இருந்தால்தான் இது குளிரும். மூடிய அறைக்குள் அவ்வளவாகக் குளிராது.

சர்க்கரைக்காரருக்குத் தனிச் சமையல் செய்ய வேண்டுமா?

வேண்டாம். தனிச் சமையல் ஒரு மாதம் ஓடும், பிறகு சமைப்பவர் சலித்துப்போவார், சாப்பிடுபவர் தன்னைப் பாரமாக நினைப்பார். ஒரே சாம்பார், ஒரே பொரியல். மாறுவது தட்டின் பங்கு மட்டும். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு, முட்டை, மீன் போன்றவை, கால் தட்டு சோறு அல்லது களி. மலையில் சாமைச் சோறு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சாமையும் கேழ்வரகும் மாவுச்சத்துதான். "சிறுதானியம்தானே" என்று இரண்டு உருண்டைக் களி சாப்பிட்டுவிட்டு ஏன் ஏறியது என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

நம் ஊர்ச் சமாச்சாரம் இரண்டு. ஜவ்வரிசி குச்சிக்கிழங்கு மாவு. உடம்பு சரியில்லாதவருக்கு லேசான உணவு என்று கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள், வெள்ளைச் சோற்றைப் போலவே வேகமாக ஏற்றிவிடும். மாம்பழ சீசனில் முழுத் தடை வேலைக்கு ஆகாது. ஒரு சின்னப் பழத்தில் பாதி, சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு, பகலில். அதை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போதே கொடுங்கள், ஒளிந்து தின்ன வேண்டிய நிலை வரக் கூடாது.

டீயை மறந்துவிடுகிறார்கள். டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். பட்டறையில் டீ வாங்கப் போகிறவர் "சர்க்கரை இல்லாம ரெண்டு" என்று சொல்லப் பழகிவிட்டாலே அது பெரிய உதவி.

கல்யாண வீட்டில் "ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆகிடும்" என்று வற்புறுத்துகிறார்கள்.

காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் வாதம் வளரும். "சாப்பிட்டாச்சுங்க பெரியம்மா, வயிறு நிறைஞ்சிருச்சு" போதும். கூடவே வந்தவர் அந்த லட்டைத் தன் இலைக்கு எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. வற்புறுத்துகிற பெரியம்மாவுக்கு ஒன்று: அன்பைக் காட்ட வடையும் உண்டு, மோரும் உண்டு.

சொந்தக்காரர் ஒருவர் நாட்டு மருந்துப் பொடி கொடுத்து, இன்சுலினை நிறுத்தச் சொல்கிறார்.

நிறுத்தாதீர்கள். டைப் 1 (உடம்பில் இன்சுலினே கிட்டத்தட்டச் சுரக்காத வகை) உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். ஆவாரம்பூத் தேநீரைக் குடிப்பதா வேண்டாமா என்பது வேறு விஷயம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். லேபிள் இல்லாத பொடி இன்னும் மோசம். அலோபதி சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்த பொடிகள் ஆய்வகச் சோதனையில் பிடிபட்டிருக்கின்றன. "பொடி நல்லாக் கேக்குது" என்பதற்குச் சில சமயம் அதுதான் காரணம். சொன்னவரோடு சண்டை போட வேண்டியதில்லை. "டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சாப்பிடறேன் மாமா" என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிட்டுப் பார்ப்பதும் இதே ரகம்தான்.

மாத்திரை வாங்கவே ஒரு நாள் கூலி போகிறது. வழி உண்டா?

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பணம் கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் பட்டியலில் வருவீர்கள். முதல் தடவை நேரில் போக வேண்டும். ஆதார் அட்டை, பழைய சீட்டு, செல்போன் எண் எடுத்துப் போங்கள். எஸ்டேட் வேலைக்காகக் குடியிருப்பு மாறினால் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போவீர்கள்.

அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது: தன்னார்வலர் வரும் நாளில் தோட்டத்தில் இருப்பவருக்குத் தகவல் சொல்வது, அவர் அட்டையை வாங்கி வைத்திருப்பது. மலையில் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கணக்குப் பாருங்கள். கண், சிறுநீரகம், காலில் ஆறாத புண் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அன்று ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் நோயாளியோடு உட்கார என்று இரண்டு பேர் இருந்தால் வசதி. சாப்பாட்டுப் பொட்டலத்தை மறக்க வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டு மதியம் வரை வரிசையில் நிற்பவருக்குத்தான் தாழ்சர்க்கரை வரும். சந்தேகம் கேட்க 104 என்ற போன் எண் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம்.

ஆறு முதல் பத்துப் பேர் போதும். இருபதைத் தாண்டினால் அது கூட்டம், பேசுகிறவர் இரண்டு பேர்தான் பேசுவார்கள். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், ஒரே இடம், ஒரே கிழமை. கோயில் மண்டபம், அங்கன்வாடி, மாடி நிழல் எதுவானாலும் சரி. மாத்திரை வாங்கும் நாளை ஒட்டி வைத்தால் வருகை குறையாது.

முதல் பத்து நிமிடம் செருப்பைக் கழற்றி எல்லோரும் பாதம் பார்க்க வேண்டும். அடுத்து ஆளுக்கு ஒரு கேள்வி: இந்த மாதம் எது சிரமமாக இருந்தது? எண்ணைக் கேட்காதீர்கள். "உங்களுக்கு எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் 140 உள்ளவர் நிமிர்ந்து உட்காருவார், 290 உள்ளவர் அடுத்த மாதம் வரமாட்டார். யாருக்குத் துணையாள் தேவை, யார் போகிறார்கள் என்பதைக் கடைசியில் நோட்டில் எழுதுங்கள்.

மீட்டரில் பார்ப்பதானால் விரலில் குத்தும் கருவியைப் பகிரவே கூடாது. ஊசியை மாற்றினாலும் கருவியின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கும். ஹெபடைடிஸ் பி இப்படிப் பரவியிருக்கிறது. அவரவர் கருவி, அவரவர் ஊசி. இன்சுலின் பேனாவுக்கும் இதேதான். குத்தும் முன் கையை வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள், மாம்பழம் உரித்த விரலில் 300 காட்டும். இரண்டு மீட்டரில் 182-ம் 196-ம் வந்தால் இரண்டும் ஒன்றுதான், மீட்டருக்கு அந்த அளவு ஏற்ற இறக்கம் உண்டு.

வாட்ஸ்அப் குழு வைத்தால் இரண்டே விதி: மருந்தின் அளவை யாருக்கும் யாரும் சொல்லக் கூடாது, வந்த செய்தியை அப்படியே அனுப்பக் கூடாது. காலை வணக்கப் படங்களைத் தடுக்க எங்களுக்கும் வழி தெரியவில்லை.

பிள்ளைகள் பெங்களூரில். நான் தனியாக இருக்கிறேன்.

தினமும் ஒரே நேரத்தில் ஒரு போன். ஏழு மணிக்குக் கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் ஏழே காலுக்கு மறுபடி, அப்போதும் இல்லை என்றால் சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டுக்கு. அந்த எதிர்வீட்டாரிடம் குளுக்கோஸ் பொடி எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கு: அளவு கூடியிருந்தால் "என்னம்மா சாப்பிட்ட?" என்று தொடங்காதீர்கள். "தூக்கம் எப்படி, கால் வலி இருக்கா?" என்று கேளுங்கள். காய்ச்சல், பல் சீழ், தூக்கமின்மை, மூட்டுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, எல்லாமே சர்க்கரையை ஏற்றும்.

பள்ளியில் படிக்கும் மகளுக்கு டைப் 1. பள்ளியிடம் என்ன சொல்வது? பிற்காலத்தில் கல்யாணம்?

மருத்துவர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தாழ்சர்க்கரையின் அறிகுறி, அவள் பையின் எந்த அறையில் குளுக்கோஸ் இருக்கும், வகுப்பு நடக்கும்போதும் சாப்பிடவும் கழிப்பறை போகவும் அனுமதி, ஊசி போட மறைவான இடம், இரண்டு போன் எண்கள். வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர் இருவரிடமும் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் விளையாட்டு நேரத்துக்குப் பிறகுதான் இறங்கும். பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் தெரியட்டும். பொதுத் தேர்வறைக்குச் சிற்றுணவு கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்து வந்தால் அஜீரணம் என்று விட்டுவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிடாத நாளிலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது.

நோயை மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள். மறைத்தால் அவள் குளியலறையில் ஊசி போடுவாள், ஆள் இருந்தால் போடாமல் விடுவாள், அதுதான் அவளுக்கு ஆபத்து. இது தொற்றாது. முன்கூட்டியே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து திட்டமிட்டால் நல்லபடியாகக் குழந்தை பெறலாம். குழந்தைக்கும் வருமா என்றால், நூற்றில் சில குழந்தைகளுக்குத்தான். சம்பந்தி வீட்டாரை ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப்போய்விடுங்கள், நீங்கள் பத்து முறை விளக்குவதைவிட அது எளிது.

எதற்கு இந்தப் பாடு என்று அப்பா மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நோயைப் பார்த்துக்கொள்வதே மலைப்பாக இருக்கிறதா? என்ன செய்தாலும் தோற்றுப்போகிற மாதிரி இருக்கிறதா? ஆமாம் என்றால் அது நோய் தரும் சலிப்பு. சுமையைக் குறைத்தால் குறையும். ஐந்து மாத்திரையை மூன்றாக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாரப் பெட்டியில் மாத்திரையை அடுக்கிக் கொடுங்கள். ஒரு மாதம் பழைய குறைகளைப் பேசாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். இன்சுலின் உள்ள வீட்டில் மருந்தை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

ஆடி மாதத்தில் வெறுங்காலோடு நடப்பது வழக்கம்.

காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தார்ச்சாலை சுடுவது தெரியாது. கொப்புளம் இரவில்தான் கண்ணில் படும். நேர்த்திக்கடனை மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றுங்கள். தீ மிதிப்பது கண்டிப்பாக வேண்டாம். போயே ஆக வேண்டும் என்றால் அதிகாலையில், குறைந்த தூரம், கூட வருபவர் பையில் செருப்பு. திரும்பியதும் விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் வேறொருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காபித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஷூவைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். புண் இருந்தால் மஞ்சளும் காபித் தூளும் வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடி, மறுநாளே காட்டுங்கள்.

பார்த்துக்கொள்கிற எனக்கு யார் துணை?

பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள் கேட்கும் கேள்வி இது. ஊசி போட வீட்டில் இன்னொருவர் பழகியே ஆக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பொறுப்பு அவருடையது. உங்கள் சர்க்கரையையும் வருடம் ஒருமுறை பாருங்கள். ஒரே சாப்பாடு, ஒரே வீடு, நீங்களும் அதே பட்டியலில் வரலாம்.

இன்சுலின் போட்டுக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டலாமா?

அடிக்கடி தாழ்சர்க்கரை வராதவர், அது வருவதை உணர முடிகிறவர் என்றால் ஓட்டலாம். புறப்படும் முன் மீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகுதான் கிளம்ப வேண்டும். குளுக்கோஸ் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே படபடப்பு வந்தாலும் ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, குளுக்கோஸ் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு சரியான பிறகும் மூளை தெளிய இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். கூட வந்தவருக்கு ஓட்டத் தெரிந்தால் மீதி வளைவுகள் அவருக்கு.